பூட்டிய வீடுகளின் கணக்கு

"அப்போ ஒரு சாவு விழுந்தா எழுதுவ, இல்ல வாத்தியாரே?"

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், செங்கம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஊரில் 19 வீடுகளில் பூட்டு. பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போன குடும்பங்கள். முன்பணம் வாங்கியாயிற்று, இனி ஆடியில்தான் திரும்புவார்கள். பிப்ரவரி 9 முதல் 28 வரையான நாட்களில் ஒரு நாளாவது ஊரில் இருந்தால்தான் அவர்களை அங்கே எழுதலாம். அந்த நாட்கள் முழுக்க வெளியே இருந்தால், இருக்கும் இடத்தில் எண்ணுவார்கள். பாட்டியிடமும் இதைத்தான் சொன்னேன்.

"ஐநூறு தலை இருந்தாத்தான் ரோடாம். என் புள்ள வூட்டுல அஞ்சு பேரு, எழுதிக்கோ" என்றார். பேர், வயது எல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் எழுதவில்லை.

அதற்கு நாலு நாள் முன்புதான் ஒரு சாவுக்காக இரண்டு குடும்பம் சூளையிலிருந்து வந்து ஒரு ராத்திரி தங்கிப் போயிருந்தது. அவர்களை எழுதிவிட்டேன். விதிப்படி அது சரி. பாட்டிக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி.

நான் செய்ததில் தவறில்லை என்றே பல வருடம் நினைத்திருந்தேன். ஒரே ஆளை இரண்டு இடத்தில் எழுதினால் நாட்டின் கணக்கே பொய்யாகிவிடும். சூளைக்கும் ஓர் ஆசிரியர் போயிருப்பார், எண்ணியிருப்பார். ஆனால் சூளைக் கொட்டகை ஒவ்வொன்றிலும் நுழைந்து எண்ணியிருப்பாரா? எண்ணியிருந்தாலும் அந்தத் தலைகள் சூளை இருக்கும் ஊருக்குத்தானே சேரும்? அங்கே லாரி போக ஏற்கெனவே ரோடு இருக்கிறது.

பாட்டி சொன்ன 500 கணக்கு உண்மைதான். 2000இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புகளுக்கு அதுதான் அளவு. 2024இல் நான்காம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த செய்தியைப் படித்தபோது, 2011 கணக்கெடுப்பைத்தான் அடிப்படையாக எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நான் எண்ணி முடித்தபோது வந்தது ஐநூறுக்குச் சற்றுக் குறைவு. ரோடு வராததற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், பாதை ஏரிக்கரை மேல் போகிறது, அதிலும் சிக்கல் உண்டு. இருந்தாலும் அந்த ஐந்து பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

பஸ் மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து ஊருக்கு 4 கிலோமீட்டர், மழை பெய்தால் ஆட்டோவும் வராது. 2021இலிருந்து பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. நல்ல திட்டம், என் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு எவ்வளவு மிச்சமாகிறது என்று நேரில் பார்க்கிறேன். இந்த ஊர்ப் பெண்களோ அந்த இலவச பஸ்ஸைப் பிடிக்க ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார்கள். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில், ஊருக்குள் இல்லாத வசதி 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் 'ஏ' என்று ஓர் எழுத்துப் போடுவார்கள். பிரசவ வலியோடு கட்டிலில் தூக்கிப் போகும் 4 கிலோமீட்டருக்கும் அதே 'ஏ'தான்.

ரோடு இல்லாததால்தான் அவர்கள் வெளியே போகிறார்கள். வெளியே போனதால் எண்ணிக்கையில் இல்லை. இதை அன்றைக்கே நான் யோசித்திருந்தால் எழுதியிருப்பேனா? எழுதியிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. எழுதியிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ வைத்து. வீடு வீடாகப் போவது மறுபடியும் பிப்ரவரியில்தான், சூளைக் காலத்தில். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை ஒருவர் போன வாரம் என்னிடம், "சார், பூட்டின வீடு இருந்தா என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

விதியில் உள்ளதைச் சொன்னேன். அப்புறம், பக்கத்தில் யாராவது பாட்டி உட்கார்ந்திருந்தால் அவரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாங்கம்மா என்றேன். எதற்கு என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.