திரவக் கலவை ஆய்வுக் கட்டுரை: தேர்வாளர் எங்கே கை வைப்பார்?

திரவக் கலவைகளின் வெப்ப இயக்கவியலில் பிஎச்.டி. செய்பவர்களுக்கு முதல் கவலை கட்டுரை எண்ணிக்கைதான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 யுஜிசி விதிமுறை எடுத்துவிட்டது. (உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதும் வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) ஆகவே அவசரம் வேண்டாம். இத்துறைக் கட்டுரையின் உயிர் அளவீட்டு அட்டவணையில் இருக்கிறது. இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் தேர்வாளர் முதலில் புரட்டுவதும் அதைத்தான்.

கலவையை முடிவு செய்யும் முன் அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்டின் தெர்மோஎம்எல் காப்பகத்தில் தேடுங்கள், இலவசம். 'ஃப்ளூயிட் ஃபேஸ் ஈக்விலிப்ரியா', 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் தெர்மோடைனமிக்ஸ்' உட்பட ஐந்து இதழ்களின் அளவீடுகள் அங்கே உண்டு. யாரோ ஏற்கெனவே அளந்திருந்தால் தயங்க வேண்டாம், ஒப்பிட ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடாமல் அனுப்பினால்தான் திரும்பி வரும்.

அடர்த்திமானியை உலர்ந்த காற்றாலும் வாயு நீக்கிய இருமுறை வடித்த நீராலும் அளவுதிருத்தம் செய்தபின், தெரிந்த கலவை ஒன்றை அளந்து பாருங்கள். பென்சீன், சைக்ளோஹெக்சேன் சமமோல் கலவைக்கு 298.15 கெல்வினில் மிகை மோலார் கனஅளவு (இலட்சியக் கலவையைவிட ஒரு மோலுக்குக் கூடும் கனஅளவு) சுமார் 0.65 செ.மீ³/மோல். இது வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

அடிக்கடி சிக்குவது தூய்மையில். நல்ல அடர்த்திமானி கிராம்/செ.மீ³ அலகில் ஆறு தசம இலக்கம் காட்டும். எத்தனாலில் 0.1 நிறை விழுக்காடு நீர் இருந்தாலே அடர்த்தி 0.0003 அளவுக்கு ஏறிவிடும். கடைசி மூன்று இலக்கமும் அலங்காரம்தான்! இதில் ஒரு பொறி: அதே எத்தனாலைத் தனியாகவும் கலவையிலும் அளப்பதால் பிழையின் பெரும்பகுதி கழிந்துபோகும், மிகை கனஅளவு வளைவு அழகாகவே வரும். அடர்த்தி மட்டும் தப்பாக இருக்கும். அதனால் கார்ல் ஃபிஷர் முறையில் நீரின் அளவைக் கண்டு வேதிப்பொருள் அட்டவணையில் எழுதுங்கள். அளவீட்டின் நிச்சயமின்மையை (எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதை) அதை வைத்தே சொல்லுங்கள். கருவிக் கையேட்டில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். தூய திரவங்களையும் கலவையையும் ஒரே நாளில், ஒரே பாட்டிலிலிருந்து அளந்துவிடுங்கள். நாள் தள்ளினால் எத்தனால் ஈரம் உறிஞ்சும், புள்ளிகள் சிதறும்.

கலவை தயாரிக்கும்போது எளிதில் ஆவியாகாததை முதலில் எடை போடுங்கள். குப்பியில் காலி இடம் விட்டால் ஆவி அங்கே சேர்ந்து மோல் பின்னம் (மொத்த மோல்களில் ஒரு கூறின் பங்கு) நகரும். மோல் பின்னத்தில் 0.1 முதல் 0.9 வரை ஒன்பது புள்ளி போதாது, 0.02, 0.05, 0.95, 0.98 ஆகியவையும் வேண்டும். மிகை கனஅளவு வளைவைப் பொருத்தும் ரெட்லிக்–கிஸ்டர் சமன்பாட்டுக்கு ஒன்பது புள்ளியில் ஐந்து குணகம் பொருத்தினால் கோடு பிழையையும் சேர்த்தே வரையும். மிகை கனஅளவை இரு மோல் பின்னங்களின் பெருக்கலால் வகுத்து வரைந்து பாருங்கள். ஓரத்துப் புள்ளிகளின் குறை அப்போது வெளியே வரும்.

ஆவி–திரவச் சமநிலை அளப்பவர்கள், அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பரப்புச் சோதனையில் தேறியதும் நிம்மதியடைகிறார்கள். அதில் இரு கூறுகளின் செயல்திறன் குணகங்களின் (இலட்சிய நடத்தையிலிருந்து விலகலைக் காட்டும் எண்கள்) விகிதத்தை எடுக்கும்போது மொத்த அழுத்தம் அடிபட்டுப்போகிறது. அழுத்தத்தை எவ்வளவு தப்பாக அளந்திருந்தாலும் அந்தச் சோதனை கண்டுகொள்ளாது. ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்க்கும் வான் நெஸ் புள்ளிச் சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள்.

நம்மூர்க் கல்லூரிகளில் திரவத்தில் ஒலிவேகம் அளக்கும் 2 மெகாஹெர்ட்ஸ் மீயொலி இண்டர்ஃபெரோமீட்டர் வைத்துச் செய்யும் வேலைக்கும் ஒரு வார்த்தை. வெப்பமாறா அமுக்கத்திறன், மூலக்கூறிடைத் தூரம், ஒலி மறுப்பு என்று அட்டவணை நீளும். எல்லாமே அடர்த்தி, ஒலிவேகம் என்ற இரண்டே அளவீடுகளைத் திருப்பித் திருப்பிக் கணக்கிட்டவை. அதை வைத்து ஹைட்ரஜன் பிணைப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினால் தேர்வாளர் ஏற்கமாட்டார். அளந்த இரண்டையும் ஐந்து வெப்பநிலைகளில் முழுசாகக் கொடுங்கள், ஒரே கட்டுரையில். வெப்பநிலைக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்பினால் ஆசிரியர் மேசையிலேயே நின்றுவிடும்.