திருப்போரூர்ப் பக்கம் ஒரு சிவப்பு மந்தை

சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் கிளம்பினால், திருப்போரூர் வரைக்கும் மனை விற்பனைப் பலகைகள் கூடவே வருகின்றன. பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையோரம் உள்ளே போனால்தான் வயல். பொங்கல் கழிந்த நேரம். தரையில் இன்னும் ஈரம் இருந்தது.

நண்பரின் பெரியப்பா வைத்திருக்கும் பண்ணை. ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆடுகள் எல்லாம் மெட்ராஸ் சிவப்பு: செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரத்துச் செம்மறி. கம்பளி கிடையாது, கறிக்குத்தான். நிலத்தை மூங்கில் குச்சியும் நைலான் வலையும் கட்டித் துண்டுதுண்டாகப் பிரித்திருக்கிறார். ஒரு துண்டில் மந்தை, மற்றதெல்லாம் ஓய்வில்.

"எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க பெரியப்பா?"

"அத புல்லுதான் சொல்லணும் தம்பி."

குனிந்து அறுகம்புல்லை விலக்கிக் காட்டினார். கடித்த நுனியில் புதுத் துளிர். இந்தத் துளிர், அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்து வருவது. இலை விரிந்து அந்தக் கடனை அடைப்பதற்குள் ஆடு மறுபடி கடித்தால் வேர் இளைக்கும். நல்ல புல் போய்க் கோரை ஏறும். அதனால் துளிர் கண்ணில் பட்டதுமே மந்தை நகர வேண்டும். புல்லை ஒட்ட மேய விடுவதுமில்லை. புழுக்கைவழி விழும் குடற்புழு முட்டை, ஈரமும் வெப்பமும் இருந்தால் பொரிந்து, ஐந்தாறு நாளில் தொற்றும் நிலைப் புழுவாக வளர்ந்து, பனி நனைந்த புல்லில் ஏறும். அந்தப் புழு அதிகம் இருப்பது அடிப்புல்லில்தான். காலையில் பனி உலராமல் அவர் பட்டியைத் திறக்காததும் இதனால்தான்.

பிறகு ஆடுகளைப் பார்த்தார். இடது பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால் குழி விழுந்திருந்தால் வயிறு நிறையவில்லை. ஒரு பெட்டையைப் பிடித்துக் கீழிமையை இறக்கினார், நல்ல சிவப்பு. வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கக்கூடும், மருந்து அந்த ஆட்டுக்கு மட்டும். மந்தை முழுக்க ஊற்றிக்கொண்டே இருந்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும்.

பிரான்சின் நார்மண்டியில் மாடு வளர்த்த ஆந்த்ரே வுவாசான் 1950களில் இதையேதான் வலியுறுத்தினார்: புல்லின் ஓய்வுக்காலம் பருவத்துக்குப் பருவம் மாறும், ஒரே நாள்கணக்கு உதவாது. அங்கே வசந்தமும் கோடைக்கடைசியும். இங்கே வடகிழக்கு மழையும் கத்திரியும். மே மாதத்தில் புல் அசையாது என்பதால் அப்போது பெரியப்பா கடலைக்கொடியும் வெட்டிய தழையும் போட்டுச் சமாளிக்கிறார்.

வலை, குச்சி எல்லாம் யாரும் வாங்கலாம். தினமும் குனிந்து பார்க்க ஆள் வேண்டுமே! சனி ஞாயிறு மட்டும் காரில் வந்து போகும் நம் ஊர் ஐ.டி. விவசாயிகளுக்கு இது ஒத்துவராது என்றே எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து நிலத்துக்காரர் அப்படித்தான்; அங்கே கோரை முழங்கால் உயரம்.

இப்படிப்பட்ட மேய்ச்சலைப் பார்க்க வேண்டுமென்றால் தை, மாசியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலம் சேறாகிவிடும். ஆடுகளுக்குக் குளம்பழுகல் வரும் என்று பெரியப்பா தரைக்கு மேலே கட்டிய பரண் கொட்டகையை விட்டு அவற்றை இறக்கவே மாட்டார்.