10, 12, 14

2025 மே 4, ஞாயிறு. ஒட்டுசுட்டான்

மோட்டார் சைக்கிள் திருத்தப்போகிற கொட்டிலுக்குத் தகரம் போட்டு முடித்தாயிற்று. வேலியை ஒட்டி, வீதியைப் பார்த்தபடி, பத்தடிக்குப் பன்னிரண்டடி. என்.வி.கியூ. தொழிற்பயிற்சிச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டச் சொல்லி அம்மாவின் கட்டளை. மாட்டினேன். அதற்குக் கீழே சாமான் தொங்கவிட ஒரு நீளப் பலகை அடித்திருக்கிறேன். இன்றைக்கு அதில் தொங்குவது மூன்றே மூன்று: மாமா தந்த பழைய 10-12 ரிங் ஸ்பானர், அப்பாவின் சைக்கிள் காலத்துக் குறடு, ஒரு சுத்தியல்.

மாமாவின் கராஜில் நின்ற இரண்டு வருடமும் கையை நீட்டினால் எல்லாம் இருந்தது. எது எப்போது வந்தது, என்ன விலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா சீட்டெடுத்துத் தந்த 40,000 ரூபாய் இருக்கிறது. செவ்வாய் தேர்தல், கடைகள் எப்படியோ. வியாழன் கிளிநொச்சிக்குப் போகலாம்.

மே 8, வியாழன்

மாங்குளத்தில் பஸ் மாறி கிளிநொச்சி போய்ச் சேர பத்து மணி. கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 108 சாமான் உள்ள பெட்டி. நீலப் பெட்டி, உள்ளே கண்ணைப் பறிக்கிற மினுக்கம். 16,000 ரூபாய். கை போய்விட்டது. அப்போதுதான் மாமா சொன்னது ஞாபகம் வந்தது: "முழுப் பெட்டி வாங்கினியெண்டா கடைக்காரன்தான் மெக்கானிக். உன்ர வாசலுக்கு எந்த வண்டி வருதோ அதுக்குத்தான் சாமான்."

என் வாசலுக்கு வரப்போவது என்ன? சி.டி. 100, பிளாட்டினா, ஸ்பிளெண்டர், எம்.டி. 90, அங்கொன்று இங்கொன்றாக எப்.இசட்., பெண்பிள்ளைகளின் டியோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். இந்த பெப்ரவரியில்தான் திறந்தார்கள். புது வண்டியின் விலையைக் கேட்டவர்கள் பழையதையே தட்டிக்கொட்டி ஓடுகிறார்கள். இதற்கு 32ஆம் நம்பர் சொக்கட் எதற்கு? அது பஸ் கராஜுக்கு.

ஆகவே சில்லறையாக வாங்கினேன். கொம்பினேஷன் ஸ்பானர் 8, 10, 12, 13, 14, 17. ரி ஸ்பானர் 8, 10, 12. பிளக் ஸ்பானர் 16-18. ஒரு ரச்செட் பிடி, அதில் மாட்டுகிற அறுகோணச் சொக்கட் ஏழு. பன்னிரண்டு மூலைச் சொக்கட் போடவும் எடுக்கவும் சுகம்தான், ஆனால் துருப்பிடித்த நட்டில் வழுக்கி மூலையைத் தின்றுவிடும். இங்கே துருப்பிடிக்காத நட்டு எது?

13 வேண்டாமென்றுதான் நினைத்தேன். ஜப்பான் வண்டிகளில் 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலையின் அகலம் 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 12, 10 மி.மீ. போல்ட்டுக்கு 14. இந்த மூன்றும் இருந்தால் பாதி வண்டியைக் கழற்றலாம். ஆனால் அதே 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 தலை வைக்கிற வழக்கமும் உண்டு. அதில் 14ஐப் போட்டு இழுக்கிறவனால்தான் நட்டுகள் வட்டமாகின்றன.

"9 வேண்டாமோ தம்பி?" என்றார் கடைக்காரர். 9இல் என்ன இருக்கிறது என்று சிரித்துவிட்டு வந்தேன். பாதிக் காசு போயிற்று.

மே 17, சனி

முதல் பெரிய வேலை, முதல் அவமானம்.

முத்தையன்கட்டிலிருந்து ஒரு ஐயா எம்.டி. 90 கொண்டுவந்தார். ஜப்பானில் தபால்காரர் ஓடிய வண்டி, அங்கே சிவப்பு. இங்கே எத்தனை கை மாறி எத்தனை நிறம் பூசியதோ. கிளச் பக்கத்து மூடியைக் கழற்ற வேண்டும். அந்த மூடியைச் சுற்றி நட்சத்திர ஆணிகள். புது ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தித் திருகினேன். "கிறீச்" என்று ஒரு சத்தம், டிரைவர் மேலே ஏறிவிட்டது. இன்னொருமுறை. ஆணியின் தலையில் நட்சத்திரம் போய்க் கிண்ணம் வந்துவிட்டது. ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மற்ற ஆணிகளை ரோர்ச் அடித்துப் பார்த்தேன். தலையில் சிலுவைக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவு ஒரு புள்ளிக்குழி. ஜப்பான் அளவு ஆணிக்கு அதுதான் அடையாளம். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது, கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். பலம் கொடுத்தால் வெளியே தள்ளிவிடும். படிப்பில் சொன்னார்கள், அப்போது பரீட்சைக்கு எழுதினேன்.

மாமாவிடம் ஓடி இம்பாக்ட் டிரைவர் வாங்கிவந்தேன். பின்புறம் சுத்தியலால் அடிக்க அடிக்க, அழுத்தமும் திருகலும் ஒரே நேரத்தில் ஆணிக்குப் போகும். ஏழு ஆணி வந்தன. கிண்ணமானதை உளியால் ஓரத்தில் தட்டித் தட்டி எடுத்தேன். மூடியைத் திருப்பிப் பூட்டும்போது எல்லாவற்றுக்கும் அறுகோணக் குழியுள்ள எலன் தலை ஆணி போட்டுக் கொடுத்தேன், என் செலவில்.

ஜூன் 5, வியாழன்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. ஊரிலுள்ள எல்லா வண்டிக்கும் ஒரே கிழமையில் சேர்விஸ் வேண்டுமாம். சாமான் குறைவு நன்றாகத் தெரிகிறது: இம்பாக்ட்டுக்கு மாமாவிடம் ஒரு ஓட்டம், இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றுகிற புல்லருக்கு இன்னொரு ஓட்டம். மூன்று கிலோமீற்றர் கிரவல் வீதி, போய்வந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்து முடிய முக்கால் மணித்தியாலம். இரவலுக்குக் காசில்லை என்று யார் சொன்னது?

இன்று இன்னொன்றும் நடந்தது. எப்.இசட். வண்டியில் வலது கண்ணாடியைக் கழற்ற இடப்பக்கமாகத் திருகினேன். வரவில்லை. ஸ்பானரின் பிடியில் குழாய் மாட்டி இழுத்தேன். வந்தது, பாதி. மீதி உள்ளே. யமஹாவின் வலது கண்ணாடிக்கு இடமரை. கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். உடைத்தது என் கை. கண்ணாடி 850 ரூபாய், உள்ளே நின்றதைத் துளைத்து எடுக்க ஒரு பின்னேரம்.

அதன் பிறகு ஒரு விதி: வரமாட்டேன் என்கிற எதற்கும் குழாய் மாட்டுவதற்கு முன் ஒரு தேத்தண்ணி.

ஜூன் 22, ஞாயிறு

9 வந்துவிட்டது!

முத்தையன்கட்டு ஐயா திரும்ப வந்தார், என்ன நம்பிக்கையோ. வண்டி "டக டக" என்கிறது. வால்வு இடைவெளி கூடிவிட்டது. மூடியைத் திறந்தால் சிறு சதுரத் தலை ஆணி, அதைப் பூட்டி வைத்திருக்கிற நட்டு. 8 சின்னன், 10 பெரிது. கடைக்காரரின் முகம் வந்து போனது.

இந்தமுறை மாமாவே சாமானோடு வந்தார். மக்னெற்றில் உள்ள அடையாளக் கோட்டை மேலே கொண்டுவந்து, இஞ்சின் ஆறியிருக்க, இடைவெளி அளக்கிற 0.05 மி.மீ. பீலர் தகட்டை உள்ளே விட்டு என் கையைப் பிடித்து இழுக்கவைத்தார். தலைமயிரைவிட மெல்லிய தகடு. ஒயில் பூசிய இரண்டு விரலுக்குள் கடதாசியை இழுக்கிற மாதிரி ஒரு பிடிப்பு வரவேண்டும். "தெரியுதே? இப்ப நட்டை இறுக்கு. இறுக்கின பிறகு திரும்பப் பார். இறுக்கேக்க அது அசையும்." அசைந்துதான் இருந்தது. மூன்றாம் தடவை சரி வந்தது.

ஐயா போனபின் மாமாவின் புல்லரைக் கழுவித் துடைத்தேன். கறுத்த, தடித்த இரும்பு, கம்பெனிப் பெயர் ஒன்றும் இல்லை. யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கடைசல் பட்டறையில் கடைந்ததாம், பழைய ட்ராக்டர் அச்சுத் துண்டில். அப்போது பெற்றோல் கிடையாது. சின்னப் போத்தலில் கொஞ்சம் வைத்திருந்து ஸ்டார்ட் எடுக்க மட்டும் விடுவார்கள், இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். அந்தக் கதை எனக்குத் தெரியும். மற்றது தெரியாது.

2008இல் யுத்தத்தால் மல்லாவியை விட்டுக் கிளம்பியபோது மாமாவிடம் இரண்டு பெட்டி சாமான் இருந்திருக்கிறது. கிளிநொச்சியில் ஒரு பெட்டி, தருமபுரத்தில் பாதி, புதுக்குடியிருப்பில் மீதி. கடைசியில் மிஞ்சியது இந்தப் புல்லர், சாரத்தில் சுற்றி. செட்டிகுளம் முகாமுக்குப் போகும்போது சோதனையில் இது என்னவென்று கேட்டார்களாம். மாமாவுக்குச் சிங்களம் வராது. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் எடுத்துக் காட்டியிருக்கிறார், வாயால் சத்தமும் போட்டு. சிரித்துவிட்டு விட்டுவிட்டார்களாம்.

"ஏன் மாமா இதை? ஒரு ஸ்பானராவது கொண்டுவந்திருக்கலாமே?"

"ஸ்பானர் எவனிட்டையும் இரவல் வாங்கலாம். இதை ஆர் வைச்சிருக்கிறான்?"

ஜூலை 13, ஞாயிறு

வவுனியாவில் வாங்கியவை: சொந்த இம்பாக்ட், 3,800. பீலர், 900. 8-9 ரிங். இறுக்கத்தை அளந்து காட்டுகிற சின்ன டார்க் ரெஞ்ச், 9,500. கடைசிச் சாமானைக் கேட்டு மாமா வாய்விட்டுச் சிரித்தார். "என்ர கையில கணக்கிருக்கு."

அவர் கையில் இருக்கிறது. என் கையில் இல்லை. போன கிழமை ஒரு பிளாட்டினாவின் மூடியில் அலுமினிய மரையை இழுத்துக் கெடுத்துவிட்டேன். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவு போதும். பன்னிரண்டு சென்ரிமீற்றர் ஸ்பானரின் நுனியில் அது எட்டு, எட்டரைக் கிலோ பாரம்தான். நான் நீளமான ரி ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து, வெட்டுக்கத்திப் பிடி இறுக்குகிற மாதிரி இறுக்கியிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது மாமா போன் எடுத்து, "ஆயுதமெல்லாம் வாங்கிட்டியோ?" என்று சத்தமாகக் கேட்டார். எங்கள் ஆட்களுக்குத் தொழிற்சாமான் எல்லாம் ஆயுதம்தான், ஆயுத பூசையும் அதற்குத்தான். ஆனாலும் முன் சீற்றில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்த பார்வை! "சாமான் எண்டு சொல்லச் சொல்லு அவரை."

ஓகஸ்ட் 9, சனி

சிறுபோக நெல் வெட்டு. வண்டி குறைவு, தண்ணீர் இறைக்கிற மெஷின் கூடுதல். அதற்கும் 10, 12, 14 போகிறது, சந்தோஷம்.

மூன்று நாளாக 12 ரிங்கைக் காணவில்லை. கொட்டிலைக் கூட்டி அள்ளியாயிற்று, தங்கச்சியோடு சண்டையும் பிடித்தாயிற்று. மத்தியானம் மல்லாவியிலிருந்து ஒரு அண்ணை வந்து இறங்கினார். சேர்விஸ் செய்த அன்று அவருடைய இஞ்சினுக்கு மேலேயே வைத்து மூடியிருக்கிறேன். "என்னடா கிலுகிலுக்குது எண்டு பார்த்தன்" என்று சொல்லிக் கையில் தந்தார். அவ்வளவு தூரமும் விழாமல் போய், திரும்பியும் வந்திருக்கிறது.

தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டு, அவளுடைய சிவப்பு நகப்பூச்சையும் வாங்கி, எல்லாப் பிடியிலும் ஒரு கோடு போட்டேன். பலகையில் ஒவ்வொன்றின் உருவத்தையும் பென்சிலால் கீறியிருக்கிறேன். இரவு சாத்தும்போது வெறும் கோடு தெரிந்தால் தேட வேண்டியதுதான்.

புல்லர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான். பட்டறையில் சொல்லியிருக்கிறேன், அடுத்த கிழமை வரச் சொன்னார்கள்.