ஒரு பக்கத்துக்கு ரெண்டு ஜோடி கண்ணு

வாட்ஸ்அப் குரூப் ஒன்னு ஆரம்பிச்சிட்டா போதும், எந்த வேலையையும் சேர்ந்து முடிச்சிடலாம்னு நிறைய பேர் நம்புறாங்க. ஆள் சேர்க்க அது ரொம்ப நல்ல இடம்தான். ஆனா ஒரு பழைய புத்தகத்த பத்து பேர் பிரிச்சிக்கிட்டு மெய்ப்பு பாக்கணும்னா, அதாவது பிழை பாத்து திருத்தணும்னா, அங்க வேலை ஓடாது, யாரு எந்த பக்கத்த எடுத்தாங்கன்னு போட்ட மெசேஜ் மறுநாள் வர்ற குட்மார்னிங் படங்களுக்கு அடியில போயிடும், ரெண்டு பேர் ஒரே பக்கத்த திருத்தி ரெண்டு வேர்ட் ஃபைல் அனுப்புவாங்க, எது சரின்னு மூணாவது ஆள் உக்காந்து ஒப்பிடணும்.

தமிழ் விக்கிமூலத்துல (தன்னார்வலர்கள் சேர்ந்து புத்தகங்கள ஏத்தி வைக்கிற இலவச இணைய நூலகம்) மெய்ப்பு பாக்க ஆரம்பிச்ச பிறகுதான் சேர்ந்து வேலை செய்றதுக்குன்னே கட்டின ஒரு கருவி எப்படி இருக்கும்னு எனக்கு புரிஞ்சுது. தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த நாட்டுடைமை நூல்களே அங்க ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு. ஒரு பக்கத்த திறந்தா வலது பக்கம் ஸ்கேன் படம், இடது பக்கம் ஓசிஆர், அதாவது படத்துல இருக்கிற எழுத்த படிச்சு டெக்ஸ்டா மாத்துற மென்பொருள், எடுத்துக் கொடுத்த எழுத்து. படத்த பாத்து எழுத்த திருத்தணும், அவ்ளோதான் வேலை. ஆனா அந்த 'அவ்ளோதான்'ல நிறைய இருக்கு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சான புத்தகம்னா லை, னை, றா, ணா எல்லாம் பழைய வடிவத்துல இருக்கும், ஓசிஆர் அங்க தடுமாறும். துணைக்கால் வர வேண்டிய இடத்துல ர வந்து உக்காந்திருக்கும், சில ஃபாண்ட்ல கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா நாளைக்கு யாராவது அந்த சொல்ல தேடினா கிடைக்காது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது நிறம். புத்தகத்தோட அட்டவணைப் பக்கத்துக்கு போனா எல்லா பக்க எண்ணும் வரிசையா நிக்கும், யாரும் மெய்ப்பு பாக்காதது சிவப்பு, ஒருத்தர் பாத்துட்டா மஞ்சள், இன்னொருத்தர் சரிபாத்துட்டா பச்சை. மஞ்சளாக்கின அதே ஆள் அத பச்சையாக்க முடியாது, சிஸ்டமே விடாது. நீ எவ்ளோ பெரிய தமிழ் அறிஞரா இருந்தாலும் சரி, இன்னொரு ஜோடி கண்ணு வந்தே ஆகணும். எது முடிஞ்சுது எது பாக்கின்னு யாரையும் கூப்பிட்டு கேக்க வேண்டாம், அட்டவணைய பாத்தாலே தெரியும்.

இந்த மாதிரி வேலை தமிழுக்கு புதுசு இல்ல. 1998 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல, சுவிட்சர்லாந்துல இருந்து கல்யாணசுந்தரம் ஐயா ஒருங்கிணைக்க, பல நாட்டுல இருந்தவங்க இலக்கியங்கள தட்டச்சு செஞ்சு ஈமெயில்லயே அனுப்பி பிழை பாத்து இணையத்துல ஏத்தினாங்க. அன்னைக்கு இருந்த வசதிக்கு அது எவ்ளோ பெரிய உழைப்புன்னு நினைச்சா மலைப்பா இருக்கு. அன்னைக்கு ஃபைல் ஆள் ஆளா பயணம் போச்சு, இப்ப ஃபைல் ஒரே இடத்துல இருக்கு, ஆளுங்க வந்து போறாங்க.

பேச்சும் அப்படித்தான், வேலை நடக்குற இடத்துலயே இருக்கணும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு உரையாடல் பக்கம் உண்டு. ஆசிரியர் எழுதின பழைய சந்திய அப்படியே விடணுமா இன்னைக்கு வழக்கத்துக்கு மாத்தணுமான்னு சண்டை வந்தா (வரும், கண்டிப்பா வரும்) அங்கயே எழுதித் தீர்த்துக்கலாம், அச்சுல இருக்கிறபடியே விடணும்ங்கிறதுதான் விக்கிமூலத்து வழக்கம். அடுத்த வருஷம் வர்ற புது ஆளும் அத படிச்சிக்கலாம். அந்த பக்கத்தோட 'வரலாறு'ல போய் பாத்தா யார் எந்த எழுத்த எப்ப மாத்தினாங்கன்னு அத்தனையும் இருக்கும், தப்பா மாத்தியிருந்தா பழையபடி மீட்டுடலாம், அதனால புதுசா வர்றவங்க பயப்படவே வேண்டாம்.

ஒன்னு மட்டும் எழுத்துல சரியா வராது, சொல்லிக் கொடுக்கிறது. புது ஆளுக்கு வீடியோ கால்ல ஸ்கிரீன ஷேர் பண்ணி ஒரு பக்கத்த கூட இருந்து முடிச்சு காட்டினா அரை மணி நேரத்துல பிடிச்சிக்குவாங்க, அதையே எழுதி அனுப்பினா பாதி பேர் படிக்கிறதே இல்ல.

முயற்சி பண்றவங்களுக்கு ஒன்னு சொல்றேன், எழுத்துப்பிழை திருத்த கணக்குகூட வேண்டாம், நிறம் மாத்தத்தான் லாகின் வேணும். முதல்ல கவிதைப் புத்தகம் எடுக்காதீங்க, வரி அமைப்பு படுத்தி எடுத்துடும், உரைநடையா ஒரு சின்ன புத்தகம் எடுத்து சிவப்பு எண் ஒன்ன திறங்க.