எதை எடுத்துவிட்டு இதை வைப்பது?

கட்டாயம் படிக்க வேண்டிய தமிழ் நாவல்கள் என்று யாராவது ஒரு பட்டியல் போட்டால் போதும், உடனே ஒரு குரல் வந்துவிடும்: “அது இல்லாம என்ன பட்டியல்?” அதன்பிறகு ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சேர்ப்பார்கள், எவரும் எதையும் எடுக்கமாட்டார்கள். இருபதில் ஆரம்பித்தது நாற்பதாகி, யார் மனமும் நோகக் கூடாது என்று நூறில் போய் நிற்கும். நாவல் பக்கம் புதிதாக வருகிறவர் கையில் அந்த நூறைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் விட்டுவிடுவார்.

இதற்கு ஒரு விதி உதவும். இடம் இருபதுதான். ஒரு நாவலைச் சேர்க்கச் சொல்கிறவர், உள்ளே இருக்கும் எந்த நாவலை எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நாவலை எடுத்துவிட்டால் பட்டியலிலிருந்து எது காணாமல் போகிறது, வேறு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத எது போகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அது தங்கும். “அருமையான நடை”, “மனதை உலுக்கியது” இரண்டும் செல்லாது. எல்லா நாவலுக்கும் சொல்லக்கூடிய வார்த்தைகள் அவை.

முதலில் கழிக்க வேண்டியது வரலாற்று மரியாதையை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது, தமிழின் முதல் நாவல். அதற்காகவே எல்லாப் பட்டியலிலும் முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது. நாவல் தமிழில் எப்படி வளர்ந்தது என்று படிக்கிறவருக்கு அது அவசியம். ஆனால் கதைக்கு நடுவே நீதி சொல்லவும் பிரசங்கம் பண்ணவும் அடிக்கடி நின்றுவிடுகிற நூல் அது; புது வாசகரை அதில் தொடங்கச் சொல்வது அவருக்குச் செய்யும் உபகாரம் இல்லை. பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ அப்படியல்ல. 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்து, 1896இல் புத்தகமானது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார் வாயைத் திறக்கும் இடங்களில் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஊர் வம்பு ஒரு குடும்பத்தை எப்படி அரிக்கிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த நாவல் அந்தக் காலத்தில் வேறு கிடையாது. பிற்பகுதி வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது என்ற குறை நியாயமானதுதான். இருந்தாலும் முன்பகுதி ஒன்றுக்காகவே இடம் கொடுப்பேன். இதை எழுதியவர் 1898இல், 26 வயதில் இறந்துபோனார்.

அடுத்து, எல்லா விவாதமும் போய் முட்டுகிற இடம்: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகம், 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வந்த தொடர். இதை எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், “அது தொடர்கதைதானே.” இது நிற்காது. ‘கமலாம்பாள்’ தொடர்தான்; தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ ‘சுதேசமித்திர’னில் வந்த தொடர்தான். ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணமும் அதே அளவுக்குத்தான் நிற்கும்: “லட்சக்கணக்கான பேர் படித்தது.” லட்சம் பேர் ஏற்கெனவே படித்ததைப் படியுங்கள் என்று பட்டியல் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது அதன் கட்டுமானத்தை. ஏறக்குறைய ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடிகிறது. அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்துவைக்க வேண்டிய தேவையிலிருந்து வந்த உத்தி அது. பாத்திரங்கள் மாறுவதைவிட அவர்களைப் பற்றிய ரகசியங்கள் வெளியாவதில்தான் கதை நகர்கிறது. வந்தியத்தேவன் முதல் பாகத்தில் வீராணம் ஏரிக்கரையில் எப்படி வந்தானோ, ஏறக்குறைய அதே மனிதனாகத்தான் கடைசிவரை இருக்கிறான். இதை வாசிப்புக்குள் நுழையும் வாசல் என்று தனியே வைத்துச் சிபாரிசு செய்யலாம். இருபதுக்குள் வைக்க மாட்டேன். படிக்கிறவர் பதிப்பை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, சுருக்கப் பதிப்புகளும் கடையில் கிடக்கின்றன. ஒரே புத்தகமாக ஒல்லியாக இருந்தால் அது முழு நாவல் இல்லை.

ஒருவருக்கு ஒரு நாவல் என்பது இரண்டாவது விதி. இதில்தான் உண்மையான வாதம் பிறக்கும். ஜானகிராமனுக்கு ‘அம்மா வந்தாள்’ கச்சிதமானது, ஒரு வரி கூட உபரி இல்லை. ஆனால் ‘மோகமு’ள்ளை எடுத்தால் சங்கீத ஆசிரியர் ரங்கண்ணா போகிறார், சுருதி சேர்வது எப்படிக் காதில் விழுகிறது என்று எழுதிக்காட்டிய பக்கங்கள் போகின்றன. அதற்கு ஈடு வேறு நாவலில் இல்லை, ஆகவே ‘மோகமுள்’. சுந்தர ராமசாமிக்கு ‘ஒரு புளியமரத்தின் கதை’யா (1966), ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளா (1981)? புதுமையில் ஜே.ஜே.தான் முந்தும். ஆனால் தமிழ் இலக்கிய உலகத்தைக் கிண்டல் செய்யும் இடங்கள் அதில் நிறைய. கல்கியின் சிவகாமி தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று நாவலின் நாயகனான எழுத்தாளர் ஜே.ஜே. விசாரிப்பது கல்கியைப் படிக்காதவருக்குச் சும்மா ஒரு கேள்வி. பத்து நாவல் படித்தபிறகு கையில் எடுக்க வேண்டியது அது. பட்டியலில் புளியமரம். அசோகமித்திரனுக்கு ‘18வது அட்சக்கோடு’, தயக்கமே இல்லை. இந்தியாவோடு சேராமல் நின்ற ஹைதராபாத் சமஸ்தானத்தின் கடைசி நாட்களை, செகந்திராபாத்தில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரியும் ஒரு தமிழ்ப் பையன் வழியாகச் சொன்ன நாவல் தமிழில் அது ஒன்றுதான்.

விருதுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சுருக்குவழி சொல்வார்கள். சாகித்திய அகாதெமி தமிழுக்குக் கொடுத்த வரிசையைப் பாருங்கள். ஜானகிராமனுக்கு 1979இல் கிடைத்தது ‘சக்தி வைத்தியம்’ சிறுகதைத் தொகுப்புக்கு. அசோகமித்திரனுக்கு 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’, அதுவும் கதைத் தொகுப்பு. சுந்தர ராமசாமிக்குக் கிடைக்கவே இல்லை. விருது கிடைத்த நாவல்களை மட்டும் எடுத்தால் மேலே சொன்ன மூன்றும் போய்விடும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாக்கெடுப்பு வைத்தால் அடிக்கடி வெளியே போய்விடுகிற நாவல் இது. சுமத்ராவின் மெடான் நகரத்தில் ஜப்பான் படை நுழைவதில் தொடங்குகிறது. செட்டியார்களின் வட்டிக்கடை உலகம், அதில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிநிலை, தெருக்களின் டச்சுப் பெயர்கள், மலாய்ச் சொற்கள், நடுநடுவே மதுரைத் தெருக்களின் நினைவு. எல்லாம் ஒரே பத்தியில் அடுத்தடுத்து ஓடும். நாயகன் பாண்டியனும் நண்பர்களும் குடித்துக்கொண்டு தமிழ்ப் பெருமை பேசும் இடத்தில், சங்கப் பாட்டிலிருந்து அன்றைய மேடைப்பேச்சு வரை ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. பலர் முதல் 30 பக்கத்தில் கைவிடுகிறார்கள். காரணம், ஒவ்வொரு அயல் சொல்லுக்கும் நின்று பொருள் தேடுவது. நிற்கக் கூடாது, துறைமுகத்தில் இறங்கியவன் காதில் விழுவதுபோல அப்படியே ஓடவிட வேண்டும், தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் கடலில் புயலில் சிக்கும் அத்தியாயத்துக்கு வந்துவிட்டால் பிறகு கீழே வைக்க முடியாது. இரண்டாம் உலகப் போரைத் தென்கிழக்காசியாவில் வேலைக்குப் போன தமிழன் கண்ணால் பார்த்த இப்படியொரு நாவல் வேறு இல்லை. சிங்காரம் எழுதியதே இதையும் ‘கடலுக்கு அப்பால்’ என்பதையும் சேர்த்து இரண்டு நாவல்தான்.

வாக்கெடுப்பு என்றேன். அதில் ஒரு கணக்குப் பிழை எப்போதும் நடக்கும். பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒரு நாவலை ஒன்பது பேர் படித்திருக்கிறார்கள், அதில் ஐந்து பேர் ஓட்டுப் போடுகிறார்கள். இன்னொன்றை மூன்று பேர்தான் படித்திருக்கிறார்கள், மூன்று பேரும் போடுகிறார்கள். ஐந்துக்கு மூன்று என்று முதல் நாவல் ஜெயித்துவிடும். ஆனால் படித்தவர்களில் நான்கு பேர் கைவிட்டது அது. இரண்டாவதைப் படித்த ஒருவர்கூடக் கைவிடவில்லை. ஆகவே ஓட்டை, படித்தவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். மூன்று பேருக்குக் குறைவாகப் படித்த நாவலை அந்தச் சுற்றில் எண்ணாமல், எல்லோரும் படித்துவிட்டு வர ஒரு மாதம் கொடுக்க வேண்டும். பதினைந்து வயதில் படித்ததை வைத்து ஓட்டுப் போடுவதும் கூடாது. மறுபடி ஐம்பது பக்கமாவது புரட்டிவிட்டு வரச் சொன்னால், பாதிப் பேர் தங்கள் சிபாரிசைத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டால்தான் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) உள்ளே வருகிறது. வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் வைக்கப்படும் லிஸி, வாசலில் உட்கார்ந்திருக்கும் கண்ணப்பச்சி, பனையேறியின் மகன் தங்கராஜ். குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று மெல்ல நொடிப்பதை, குரலை உயர்த்தாமல் சொல்லும் நாவல். மௌனமாகப் படித்து அந்த வட்டாரப் பேச்சுவழக்கு பிடிபடாவிட்டால் உரையாடலை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள், வந்துவிடும். ராஜம் கிருஷ்ணன், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பற்றிய ‘கரிப்பு மணிகள்’. ஈழத்திலிருந்து கே. டானியலின் ‘பஞ்சமர்’, ஷோபாசக்தியின் ‘கொரில்லா’. இவை இல்லாத பட்டியலைத் தமிழ் நாவல் பட்டியல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும். பூமணியின் ‘அஞ்ஞாடி’யும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்ட’மும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ஒரு நாளைக்கு 20 பக்கம் என்று வைத்தால் ஒன்றுக்கே 50 நாள். இப்படி ஐந்து இருந்தால் 250 நாள் போய்விடும். அதற்குள் வாசகர் ஓடிவிடுவார். இருபதில் இரண்டு பெரிய நாவல், அதுவும் கடைசியில். தொடக்கத்தில் சின்னவை: ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942), சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, அப்புறம் சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’. காட்டை வெட்டிக் கொளுத்திக் கரும்பாலை கட்டிய பிறகு, குழம்புக்குப் புளி எங்கே என்று ஒரு கிழவி கேட்கிற இடத்துக்கு வரும்போது வாசகர் தானாக அடுத்ததைத் தேடுவார். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நான்காவதாக வரலாம். பக்கத்தில் அவரே தொகுத்த கரிசல் வழக்குச் சொல்லகராதியை வைத்துக்கொண்டால் சொல்லுக்குத் திண்டாட வேண்டாம்.

இன்னும் தீராத சண்டை ஒன்று இருக்கிறது. பூமணிக்கு ‘பிறகு’வா, ‘வெக்கை’யா? 2019இல் ‘வெக்கை’யை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் வந்ததிலிருந்து எல்லோரும் ‘வெக்கை’ என்கிறார்கள். படம் தகப்பனை நடுவில் நிறுத்தியது. நாவலோ, வெட்டிவிட்டு ஓடும் 15 வயதுச் சிதம்பரத்தின் கூடவே எட்டு நாள் காட்டிலும் மேட்டிலும் நடக்கிறது. படம் பார்த்தவர்கள் நாவலைப் படித்துவிட்டு ஓட்டுப் போட்டால் ஒப்புக்கொள்ளலாம். என் ஓட்டு ‘பிறகு’வுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகான முதல் இருபது, முப்பது ஆண்டுகளை, கரிசல் ஊரில் செருப்புத் தைக்கும் அழகிரியின் இடத்திலிருந்து பார்த்த நாவல் அது. அதற்கு இடம் விட ‘வெக்கை’யைத்தான் எடுக்கிறேன். ஒப்பாதவர்கள், எதை எடுத்துவிட்டு ‘வெக்கை’யை வைக்கலாம் என்று சொல்லுங்கள்.