தேர் நின்ற இடத்தில் ஒரு 'பீ' குறைந்தது

எட்டாம் வகுப்பில், ஓகஸ்ட் விடுமுறை முடிந்து வந்த கிழமை, யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் தேரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார் எங்கள் ரீச்சர். 24ஆம் நாள் திருவிழா முழுவதையும் எழுதினேன். அண்ணா வடம் இழுத்தது, மாமா காவடி சுமந்தது, அம்மா கும்பிட்டது, தேர் வீதி மூலையில் நின்றது எல்லாம் இருந்தன. கொப்பி திரும்பி வந்தபோது பக்கமெல்லாம் சிவப்பு வட்டங்கள். ஒரு வினைச்சொல்லிலும் இறந்தகாலத்தைக் காட்டும் ஈடீ (-ed) இல்லை.

ரீச்சர் ஏசவில்லை. "பிள்ளை, இதை உரத்து வாசியும்" என்றார். வாசித்தேன். 'புல்' (pull), 'ஸ்ரொப்' (stop) என்றுதான் வாயிலும் வந்தது. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது, அதனால் 'ஸ்ரொப்ட்' என்பதன் கடைசி ஒலி எங்கள் காதில் விழுவதில்லை, காதில் விழாததைக் கை எழுதாது என்று விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து வகுப்பு முழுவதும் கட்டுரையை உரத்து வாசித்த பிறகே கொப்பியைக் கொடுப்போம்.

எழுத்துக்கூட்டலை, ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டாக, மேசையில் தட்டித்தான் படிப்பித்தார். 'அட்மிற்' (admit) என்றால் இரண்டாவது தட்டுப் பலம், அதனால் ரீ (t) இரட்டிக்கும். 'விசிற்' (visit) என்றால் முதல் தட்டுப் பலம், ஒரு ரீ போதும். 'ஸ்ரொப்' ஒரே தட்டு, குறுகிய ஒலி. பீ (p) இரண்டு வேண்டும். 'கரி'யில் (carry) வை (y) மாறி ஐ (i) ஆகும். 'பிரேய்'யில் (pray) வைக்கு முன்னால் உயிரெழுத்து இருப்பதால் மாறாது.

எனக்கு மிகவும் பிடித்தது 'டிட் நொட்' (did not) பாடம். அதற்குப் பின்னாலும் ஈடீ போட்டுக்கொண்டிருந்தோம். "'இழுக்கவில்லை' என்று சொல்கிறீர்களே, அதற்குள் 'இழுத்த' இருக்கிறதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வகுப்பில் யாரும் பிறகு அந்தப் பிழையை விட்டதாக ஞாபகம் இல்லை. ஆங்கிலத்தைப் படிப்பிக்கத் தமிழை இவ்வளவு மதித்து எடுத்தாண்ட ஒருவரை நான் பிறகு காணவில்லை.

இப்போது லண்டனில் தாதியாக இருக்கிறேன். நோயாளியின் குறிப்பில் 'கொம்ப்ளெயின்ஸ்' (complains) என்று எழுதினால் நோயாளிக்கு இப்போது நோகிறது. 'கொம்ப்ளெயின்ட்' (complained) என்றால் நான் பார்த்த நேரத்தில் நொந்தது. விடிய வரும் வைத்தியர் அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்.

போன கிழமை இரவு வேலையில் 'வொமிற்' (vomit) என்ற சொல்லில் கை நின்றது. ரீ ஒன்றா, இரண்டா? விரலால் மேசையில் தட்டினேன். முதல் தட்டுத்தான் பலம். ஒரு ரீயோடு ஈடீ சேர்த்து, நேரத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.