திருப்பூர் அரசுப் பள்ளியிலிருந்து பொறியியல் வரை: 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு நாங்கள் அலைந்தது

என் மகளுக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சீட் கிடைத்துவிட்டது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. பனியன் கம்பெனியில் என்னோடு வேலை செய்பவர்கள் "எப்படிங்க வாங்குனீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மார்க் வாங்கியது அவள். நான் அலைந்தது காகிதத்துக்கு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல், வேளாண்மை போன்றவற்றுக்கு 2021இலும் இந்த ஒதுக்கீட்டுக்கான சட்டங்கள் வந்தன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நிறையப் பேர் குழம்புவது இங்கேதான்.

திருப்பூரில் இந்த 'ஆறு முதல்' என்பது லேசான விஷயமில்லை. அவள் வகுப்பில் பாதிக்கு மேல் வெளியூர்ப் பிள்ளைகள். தேனி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்தவர்கள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்து நம்மைவிட நன்றாகத் தமிழ் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. அப்பாவுக்கு வேலை எங்கேயோ அங்கே படிப்பு. பத்தாவது லீவில் கம்பெனிக்குப் போய் சம்பளம் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிற பையன்களும் உண்டு. பள்ளி வாசலில் எழுதிப்போடும் பிளஸ் டூ தேர்ச்சி சதவீதத்தில் அவர்கள் வருவதில்லை. அந்தப் போர்டைப் பார்த்து ஒரு பள்ளியை எடைபோட எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் சிக்கலும் இடம் மாறியதில்தான். ஆறும் ஏழும் அவள் தேனி மாவட்டத்தில், கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்றில் படித்தாள். அந்தப் பள்ளிகளை நடத்துவது பள்ளிக்கல்வித் துறை அல்ல. அதனால் இது அரசுப் பள்ளிதானா என்று விண்ணப்பம் போட்ட இடத்தில் ஒருவர் சந்தேகம் கிளப்பிவிட்டார். ஆனால் கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலம், மாநகராட்சி, நகராட்சி, வனத்துறைப் பள்ளிகள் எல்லாமே கணக்கில் வரும். நாங்கள் பழைய பள்ளிக்கே போய், எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிப்புச் சான்று வாங்கினோம். பள்ளிகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் பதிவு எண்ணான எமிஸ் எண் இருந்ததால் பழைய பதிவைத் தேடி எடுப்பது சுலபமாகிவிட்டது. அந்த எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். பள்ளி மாறும்போதே இந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்குவதுதான். ரிசல்ட் வந்தபின் ஓடினால் அங்கே கூட்டம் தாங்காது. பிளஸ் டூ நடக்கும்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

கலந்தாய்வு முழுக்க ஆன்லைன். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொதுத் தரவரிசை தவிரத் தனித் தரவரிசையும் உண்டு. கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்பும்போது இயற்பியல் டீச்சர் பள்ளியின் ஹைடெக் கம்ப்யூட்டர் லேபில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "பேரைப் பார்த்துப் போடாதம்மா, நீ நெசமாவே சேருவேன்னா மட்டும் போடு" என்றார். விடுதி இல்லாத கல்லூரிகளை எல்லாம் அப்போதே நீக்கினோம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும். அந்த நேரம் போனை அணைத்து வைக்காதீர்கள்.

கல்லூரி சேரும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். மகள் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு இரண்டும் சரியாக இருந்தால் போதும். பையன்களுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

அப்புறம் ஒன்று. பிளஸ் டூ முடித்து எங்கும் சேராத பிள்ளைகளைப் பள்ளியே கணக்கெடுத்து, மேற்படிப்புக்கு வழிகாட்டும் 'உயர்வுக்குப் படி' முகாமுக்குப் போன் போட்டுக் கூப்பிடுகிறது. மகளின் தோழி ஒருத்தி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். வகுப்பாசிரியர் அவள் வீட்டுக்கே போய்ப் பேசி அந்த முகாமுக்கு வரவைத்தார். இப்போது அவள் ஐடிஐயில் சேர்ந்திருக்கிறாள்.